லென்ஸில் இருக்கும் ஃபோகஸ் ரேஞ்ச் சுவிட்ச்: எப்போது, எந்தப் பக்கம் தள்ளுவது?

டெலிபோட்டோ (தூரத்தில் உள்ளதைப் பெரிதாகக் காட்டுவது) அல்லது மேக்ரோ (சிறியவற்றை மிக நெருங்கி எடுப்பது) லென்ஸின் இடப்பக்கத்தில் வரிசையாகச் சில சுவிட்சுகள் இருக்கும். ஒன்று ஆட்டோஃபோகஸா மேனுவலா என்று மாற்றுவது. இன்னொன்று கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசருக்கானது. இந்த இரண்டும் வாங்கிய அன்றே பழகிவிடும். மூன்றாவதாக, ஒரு பக்கம் ‘ஃபுல்’ என்றும் மறுபக்கம் ‘3 மீ – ∞’ (3 மீட்டரிலிருந்து முடிவிலி வரை) என்பது போலவும் எழுதிய ஒன்று இருக்கிறதே, அதைத்தான் பலர் வருடக்கணக்கில் தொடுவதே இல்லை.

அதன் பெயர் ஃபோகஸ் லிமிட்டர். ஆட்டோஃபோகஸ் எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை தேடலாம் என்று எல்லை வகுப்பதுதான் அதன் ஒரே வேலை. படத்தின் தரம், வெளிச்சம், பின்னணி மங்கல் எதையும் அது தொடாது.

‘3 மீ – ∞’ என்று வைத்தால் 3 மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாமே கூர்மையாக விழும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. கூர்மையாக விழும் ஆழத்தைத் தீர்மானிப்பவை அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஃபோகல் நீளம் (லென்ஸின் மி.மீ. எண்), பொருளின் தூரம் ஆகியவை. 400 மி.மீ. லென்ஸில் 10 மீட்டரில் இருக்கும் பறவையைப் பிடித்தால் அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள கிளைகூட மங்கிவிடும், லிமிட்டர் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி.

சுவிட்சில் எழுதியிருப்பதைப் படிப்பது

இரண்டு நிலைகள் உள்ள சுவிட்ச் என்றால் ஒன்று முழுத் தூரம், மற்றொன்று கிட்டத்துப் பகுதியை வெட்டிவிட்டது. கேனானின் ஆர்எஃப் 100-500 மி.மீ. லென்ஸில் ‘ஃபுல்’, ‘3 மீ – ∞’ என்று இரண்டு. நிக்கானின் 200-500 லென்ஸில் எல்லை 6 மீட்டர். மூன்று நிலைகள் உள்ளவற்றில் கிட்டத்தை மட்டும் தேடும் நிலை கூடுதலாக இருக்கும். சோனியின் 200-600 லென்ஸில் முழுத் தூரம், 10 மீட்டரிலிருந்து முடிவிலி, 10 மீட்டரிலிருந்து 2.4 மீட்டர் என்று மூன்று. கேனானின் இஎஃப் 100 மி.மீ. எல் மேக்ரோவில் முழுத் தூரம், 0.5 மீட்டரிலிருந்து முடிவிலி, 0.3 முதல் 0.5 மீட்டர்.

இந்தத் தூரங்கள் லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து அளக்கப்படுவதில்லை. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளக்கப்படுபவை. கேமராவின் மேல்பகுதியில் ஒரு வட்டத்தைக் கோடு ஒன்று குறுக்கே வெட்டுவது போன்ற சிறு குறி இருக்கும். சென்சார் இருக்கும் தளம் அதுதான். டெலிபோட்டோவில் இந்த வித்தியாசம் பெரிதாகப் படாது. மேக்ரோவில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். மேலே சொன்ன கேனான் மேக்ரோவின் நீளம் 123 மி.மீ., டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையமான மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை 44 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 167. ஆக ‘0.3 மீ’ என்று எழுதியிருக்கும் இடத்தில் லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே மிஞ்சுவது 13 செ.மீ. மட்டுமே. முனையில் ஹூட் (வெளிச்ச மறைப்பு) போட்டால் இன்னும் குறையும். ‘0.5 மீ’ என்பதும் முனையிலிருந்து பார்த்தால் 33 செ.மீ. தான். ‘அரை மீட்டருக்குள்தானே நிற்கிறேன், ஏன் பிடிக்கவில்லை’ என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

கிட்டத்தை ஏன் வெட்டுகிறார்கள்?

இது புரிந்துவிட்டால் சுவிட்சை எங்கே வைப்பது என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நம் கண்ணுக்கு 3 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை நீண்ட வெளி. 1 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை நாலு எட்டு. லென்ஸுக்கு இது தலைகீழ். எளிமைக்காக ஒற்றைக் கண்ணாடியாலான 100 மி.மீ. லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முடிவிலியில் ஃபோகஸ் ஆகியிருக்கும் கண்ணாடியை, அதிலிருந்து 10 மீட்டரில் உள்ள பொருளுக்குக் கொண்டுவர 1 மி.மீ. முன்னே நகர்த்தினால் போதும். 1 மீட்டரில் உள்ள பொருளுக்கு 11 மி.மீ. 50 செ.மீட்டருக்கு 25 மி.மீ. பொருள் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் 20 செ.மீ. தூரத்துக்கு வரவேண்டுமென்றால் 100 மி.மீ. நகர வேண்டும். முடிவிலியிலிருந்து அரை மீட்டர் வரைக்கும் கால்வாசிப் பயணம். எஞ்சிய 30 செ.மீட்டருக்குள் முக்கால்வாசி!

அதே கணக்கை 400 மி.மீட்டருக்குப் போட்டால்: 100 மீட்டரில் இருக்கும் பறவைக்கு 1.6 மி.மீ., 10 மீட்டருக்கு ஏறக்குறைய 17, 3 மீட்டருக்கு 62, 1 மீட்டருக்கு 267. பறவை வானத்தில் 100 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வந்தாலும் கண்ணாடி நகர்வது 15 மி.மீ. தான். ஆனால் ஆட்டோஃபோகஸ் தடுமாறி 1 மீட்டர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த ஒரு தடுமாற்றத்துக்கே அரை மீட்டருக்கு மேல் பயணம்.

இன்றைய லென்ஸ்களில் முழுக் கண்ணாடித் தொகுதியும் நகர்வதில்லை. உள்ளே இருக்கும் சிறு குழு மட்டும் நகரும். அதனால் மேலே உள்ள மில்லிமீட்டர்கள் உங்கள் லென்ஸுக்கு அப்படியே பொருந்தாது. போக்கு மட்டும் மாறாது: பயணத்தின் பெரும்பகுதி கிட்டத்தில்தான் கிடக்கிறது. சுவிட்சில் ‘3 மீ’ என்று போட்டு அந்த 2 மீட்டரைத் துண்டிப்பது சிறிய விஷயமாகத் தோன்றும். உண்மையில் மோட்டாரின் வேலையில் பாதிக்கு மேல் அங்கே மிச்சமாகிறது.

ஆட்டோஃபோகஸ் எப்போது அலைகிறது?

ஃபேஸ் டிடெக்ஷன் என்ற ஆட்டோஃபோகஸ் முறையில் கேமராவுக்கு எந்தத் திசையில், எவ்வளவு நகர வேண்டும் என்று ஓரளவு முன்பே தெரிந்துவிடும். பொருள் ஏற்கெனவே பாதி தெளிவாக இருந்தால் நேராகப் போய் நிற்கும். அப்போது லிமிட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசமே தெரியாது. மோட்டாரை வேகமாக்கும் பொத்தான் என்று அதை நினைத்தால் ஏமாற்றம்தான்.

பொருள் மிகவும் மங்கிப்போய், அளப்பதற்கு விளிம்பே கிடைக்காதபோதுதான் சிக்கல். வெறும் நீல வானம், மங்கிய மாலை வெளிச்சம், ஒரே நிறமான சுவர். அப்போது கேமரா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை லென்ஸை ஓட்டித் தேடும். இதைத்தான் ‘ஹன்ட் ஆகுது’ என்கிறார்கள். லென்ஸை நகர்த்தி நகர்த்திக் கூர்மை கூடுகிறதா என்று பார்க்கும் கான்ட்ராஸ்ட் முறையில் இயங்கும் கேமராக்களில் தேடுவதே அடிப்படை வேலை என்பதால் அலைச்சல் இன்னும் அதிகம்.

பறக்கும் பறவையில் இது எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். ஃபோகஸ் புள்ளி ஒரு கணம் பறவையை விட்டு வானத்துக்கு நழுவுகிறது. லென்ஸ் கிட்டத்துக்கு ஓடுகிறது. வியூஃபைண்டர் முழுக்க ஒரே மங்கல். பறவை அதே படச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் உங்களுக்கும் தெரியவில்லை, கேமராவுக்கும் தெரியவில்லை. எங்கே திருப்புவது என்று தெரியாமல் நிற்கும்போது அது போய்விடுகிறது. லிமிட்டர் தூரத்தில் இருந்தால், தடுமாறினாலும் மங்கல் ஓர் அளவோடு நிற்கும். பறவை ஒரு கரும்புள்ளியாகவாவது தெரியும், புள்ளியை மறுபடி அதன்மேல் கொண்டுவரலாம்.

முதலில் உங்கள் லென்ஸைச் சோதித்துப் பாருங்கள்

மூடியைப் போட்டபடியே லென்ஸை ஆட்டோஃபோகஸில் வைத்து, ‘ஃபுல்’ நிலையில் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். பிடிக்க எதுவுமில்லாததால் லென்ஸ் முனைக்கு முனை ஓடும். தூர அளவு காட்டும் ஜன்னல் இருந்தால் அதில் அளவு நகர்வதைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் காதை வைத்துக் கேளுங்கள். இப்போது சுவிட்சைத் தூர நிலைக்கு மாற்றி மறுபடி அழுத்துங்கள். ஓட்டம் எவ்வளவு சுருங்குகிறது என்பது உடனே தெரிந்துவிடும். சில லென்ஸ்களில் இது கண்கூடான வித்தியாசம். சிலவற்றில் அவ்வளவாக இருக்காது. அவற்றில் இந்தச் சுவிட்சுக்காக அலட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து எல்லையைக் கண்டுபிடிப்பது. பெரிய எழுத்துள்ள அட்டை ஒன்றை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, சுவிட்சைத் தூர நிலையில் வைத்து, அதைப் படம் எடுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். ஃபோகஸ் பிடிக்க மறுக்கும் இடத்தில் நின்று, சென்சார் குறியிலிருந்து அட்டை வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எழுதியிருப்பதைவிடச் சற்று உள்ளே வரைக்கும்கூடச் சில லென்ஸ்கள் பிடிக்கும். அளந்த தூரம் எத்தனை எட்டு என்று நடந்தும் பார்த்துவிடுங்கள். வெளியில் போகும்போது டேப்பையா நீட்டிக்கொண்டிருக்கப் போகிறோம்?

டெலிபோட்டோவில் எங்கே வைப்பது

என் கருத்து: நீண்ட டெலிபோட்டோவில் தூர நிலைதான் நிரந்தர இருப்பிடமாக இருக்க வேண்டும், ‘ஃபுல்’ என்பது தேவைப்பட்டால் போய்வரும் இடம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். 100-500, 200-600 போன்ற லென்ஸால் 3 மீட்டருக்குள் எடுப்பது நாளில் எத்தனை படம் என்று பழைய படங்களைப் புரட்டினால் தெரியும்.

10 மீட்டர் எல்லை உள்ள லென்ஸ்களில் மட்டும் இதை அப்படியே சொல்ல மாட்டேன். சோனி 200-600, டேம்ரானின் 150-600 இரண்டாம் தலைமுறை, சிக்மாவின் 150-600 எல்லாவற்றிலும் எல்லை 10 மீட்டர்தான். பறக்கும் பறவைக்கும் மைதான விளையாட்டுக்கும் அது சரி. புதருக்குள் உட்கார்ந்திருக்கும் சிறு பறவைக்குச் சரிப்படாது. சிட்டு அளவுள்ள பறவை சட்டத்தில் கொஞ்சமாவது பெரிதாக விழ வேண்டுமென்றால் 600 மி.மீட்டரிலும் 10 மீட்டருக்குள் போக வேண்டியிருக்கும். மறைவிடத்தில் உட்கார்ந்து, 5 மீட்டரில் தண்ணீர் குடிக்க வரும் பறவைக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால் கிட்டத்து நிலை அருமையாக வேலை செய்யும்: பின்னால் உள்ள மரங்களுக்கு ஃபோகஸ் ஓடவே ஓடாது. பறவை எங்கே உட்காரும் என்று தெரியாவிட்டால் ‘ஃபுல்’.

முன்னால் இலை, கம்பி, புல் குறுக்கே வரும் இடங்களில் லிமிட்டரின் இன்னொரு பயன் தெரியும். தூர நிலையில், எல்லையைவிடப் பக்கத்தில் இருக்கும் எதையும் ஆட்டோஃபோகஸ் பிடிக்க முடியாது. கேனானின் 70-200 எஃப் 2.8 இஎஃப் லென்ஸில் எல்லை 2.5 மீட்டர், 2 மீட்டரில் இருக்கும் கம்பிவலை அதன் கண்ணில் படவே படாது, வலைக்கு அப்பால் ஓடுபவர் மட்டும்தான். குறுக்கே வரும் இலை எல்லைக்கு அப்பால் இருந்தால் லிமிட்டர் உதவாது. அதற்கு ஃபோகஸ் புள்ளியைச் சிறிதாக்குவதும், குறுக்கீடு வந்தாலும் பொருளை விடாதே என்று சொல்லும் டிராக்கிங் அமைப்பும்தான் வழி.

லிமிட்டர் எல்லையை மட்டும்தான் போடுகிறது, தொடக்கப் புள்ளியைத் தருவதில்லை. பறவை வருமுன் அது வரக்கூடிய தூரத்தில் உள்ள மரத்திலோ கம்பத்திலோ ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேனான் கேமராக்களில் இன்னொரு அமைப்பும் உண்டு: ஃபோகஸ் கிடைக்காதபோது லென்ஸ் தொடர்ந்து தேட வேண்டுமா, அப்படியே நிற்க வேண்டுமா என்று மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். பறவைகளுக்கு ‘நில்’ என்று வைத்து லிமிட்டரோடு சேர்த்தால் அலைச்சல் வெகுவாக அடங்கும்.

மேக்ரோவில்

இங்கே நிலைமை வேறு. மேக்ரோ லென்ஸ் பூச்சிக்கும் உதவும், முகத்துக்கும் உதவும். இரண்டும் பயணத்தின் இரு கோடிகள்.

முகம் எடுக்கும்போது தூர நிலை. 100 மி.மீ. லென்ஸில் முகம் எடுக்க ஒன்றரை மீட்டராவது தள்ளி நிற்போம். ஒருமுறை தவறினால் பூச்சித் தூரம் வரை போய்த் திரும்பும் லென்ஸை யாரும் விரும்புவதில்லை. மேக்ரோ லென்ஸ் மந்தம் என்ற கெட்ட பெயரில் பாதி இந்தச் சுவிட்சைத் தொடாததால் வந்தது.

தட்டான், வண்ணத்துப்பூச்சி போன்றவற்றை, கேமராவைக் கையில் பிடித்தபடி எடுக்கும்போது அரை மீட்டர் எல்லைதான் தொல்லை. அவை நிற்கும் இடம் சரியாக 45, 55 செ.மீ. என்று எல்லையின் இருபுறமும் விழும். கிட்டத்து நிலையில் வைத்திருந்தால் ஒரு எட்டு பின்வாங்கினாலும் ஃபோகஸ் செத்துவிடும். அங்கே ‘ஃபுல்’ வைத்து, முதலில் வளையத்தைக் கையால் திருப்பி ஏறக்குறைய தெளிவாக்கிவிட்டு, அப்புறம் ஆட்டோஃபோகஸைத் தட்டுவது நல்லது. எறும்பு, பூவின் மகரந்தம் என்று இன்னும் நெருங்கினால் கிட்டத்து நிலை. நிஜ அளவுக்குப் போய்விட்டால் ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடலை அரை அங்குலம் முன்னும் பின்னும் ஆட்டி எடுப்பதே எனக்குச் சரிப்படுகிறது.

ஒலிம்பஸின் 60 மி.மீ. மேக்ரோவில் இதற்குச் சுழலும் குமிழ் ஒன்று உண்டு. மூன்று தூர எல்லைகளோடு, நிஜ அளவுக்கு நேராகப் போய் நிற்கும் நிலையும் அதில் இருக்கிறது. மற்ற நிறுவனங்கள் ஏன் இதைப் பின்பற்றவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

இடையில் எதையாவது மாட்டினால்

டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி ஃபோகல் நீளத்தைக் கூட்டுவது) மாட்டினால் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் மாறாது, சுவிட்சில் எழுதிய எண்களும் செல்லும். ஆனால் 1.4 மடங்குக்கு 1 ஸ்டாப், 2 மடங்குக்கு 2 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதியாக) வெளிச்சம் போய்விடுவதால் அலைச்சல் கூடும். கன்வெர்ட்டர் இருக்கும்போதுதான் லிமிட்டர் அதிகம் தேவைப்படுகிறது.

எக்ஸ்டென்ஷன் டியூப், அதாவது லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்கும் வெற்றுக் குழாய், கதையே வேறு. டியூப் போட்டதும் சுவிட்சில் உள்ள எண்கள் பொய்யாகிவிடும். முன்பு பார்த்த அதே 100 மி.மீ. எளிய லென்ஸில் 25 மி.மீ. டியூப் மாட்டுங்கள். லென்ஸ் முடிவிலியில் நின்றாலும் கண்ணாடி 25 மி.மீ. தள்ளியே இருப்பதால் அது இப்போது 50 செ.மீட்டரைத்தான் பார்க்கும். அரை மீட்டர் எல்லையில் நின்றால் மொத்த நகர்வு 50 மி.மீ.; அது 30 செ.மீ. தூரம். ஆக, ‘0.5 – ∞’ என்று எழுதிய நிலையில் கேமரா உண்மையில் தேடுவது 30 முதல் 50 செ.மீ. வரைதான். லிமிட்டர் கண்ணாடியின் பயணத்தைத்தான் வெட்டுகிறது; மீட்டர் கணக்கு டியூப் இல்லாத லென்ஸுக்காக எழுதியது.

சுவிட்சே இல்லாவிட்டால், அல்லது எல்லை பிடிக்காவிட்டால்

சிக்மாவின் யூஎஸ்பி டாக், டேம்ரானின் டேப்-இன் கன்சோல் ஆகியவற்றின் மூலம் பொருந்தும் லென்ஸ்களில் எல்லையைக் கணினியில் இணைத்து மாற்றிக்கொள்ளலாம். 10 மீட்டர் ஒத்துவராதவர்களுக்கு இதுதான் வழி. ஃபுஜிஃபில்மின் எக்ஸ்-புரோ 3, எக்ஸ்-டி4 போன்ற கேமராக்களிலும், ஒலிம்பஸின் இ-எம்1 மார்க் 2-விலும் கேமரா மெனுவிலேயே ஆட்டோஃபோகஸ் தூர எல்லை இருக்கிறது. லென்ஸில் சுவிட்ச் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். இதை விரல் எட்டும் பொத்தான் ஒன்றுக்கு ஒதுக்கி வைக்காவிட்டால் பயனில்லை. மெனுவுக்குள் தேடிப் போவதற்குள் பறவை பறந்துவிடும்.

பெரிய டெலிபோட்டோக்களில் ஃபோகஸ் பிரீசெட் என்று ஒன்று இருக்கும். குறிப்பிட்ட தூரத்தை நினைவில் வைத்து, தேவைப்படும்போது உடனே அங்கே திரும்பும் வசதி. கோல்கம்பம், கூட்டு வாசல் என்று இடம் முன்பே தெரிந்த வேலைகளுக்கு லிமிட்டரைவிட இது மேல்.

திடீரென்று ஃபோகஸ் பிடிக்க மறுத்தால்

சர்வீஸுக்கு அனுப்பும் முன் சுவிட்சைப் பாருங்கள். பையிலிருந்து எடுக்கும்போது துணியில் உரசி அது நகர்ந்துவிடுவது சர்வசாதாரணம். தூரத்தில் உள்ளவை தெளிவாகப் பிடித்து, பக்கத்தில் உள்ளவை மட்டும் பிடிக்காவிட்டால் சுவிட்ச் தூர நிலையில் இருக்கிறது. பக்கம் பிடித்துத் தூரம் பிடிக்காவிட்டால் கிட்டத்து நிலையில். இரண்டு பக்கமும் பிடிக்காவிட்டால் லிமிட்டரைக் குறை சொல்ல முடியாது. ஆட்டோஃபோகஸ் சுவிட்ச் மேனுவலுக்குப் போயிருக்கலாம், அல்லது லென்ஸின் தங்க நிறத் தொடுபுள்ளிகளில் அழுக்கு இருக்கலாம்.

ஜூம் லென்ஸில் இன்னொன்றையும் கவனியுங்கள்: மிகக் குறைந்த தூரம் ஜூமுக்கு ஏற்ப மாறலாம். நிக்கானின் இசட் 100-400 லென்ஸில் அது 100-இல் 0.75 மீட்டர், 400-இல் 0.98 மீட்டர். 100-இல் பிடித்த பொருளை அங்கேயே நின்று ஜூம் செய்ததும் பிடிக்காமல் போனால், லிமிட்டரைத் தொடாமல் ஓர் எட்டு பின்னால் நகர்ந்து பாருங்கள்.

லிமிட்டர் தூர நிலையில் இருக்கும்போது பொருள் திடீரென்று எல்லைக்குள் வந்துவிட்டால், சுவிட்சைத் தேடுவதைவிட ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவது வேகமான வழி. எல்லை ஆட்டோஃபோகஸுக்குத்தான், பெரும்பாலான லென்ஸ்களில் கையால் திருப்பினால் முழுத் தூரமும் கிடைக்கும். ஆட்டோஃபோகஸில் இருக்கும்போதே வளையம் வேலை செய்யுமா என்பது லென்ஸையும் கேமராவின் மெனுவையும் பொறுத்தது, அதை வீட்டிலேயே பார்த்து வைத்துவிடுங்கள்.